அரைவாரமும் ஆர்கானிக்கும்

இத்தாலியின் கியாந்தி மலைச்சரிவில் இன்று ஒரு பண்ணை வீட்டின் கீழ்த்தளத்துக்குப் போனால், பெரும்பாலும் ஒயின் ருசி பார்க்கும் கூடம் இருக்கும். எழுபது ஆண்டுகளுக்கு முன் அது தொழுவம். கியானினா என்னும் வெள்ளை எருதுகள் கீழே, குடும்பம் மேலே. மாட்டுச் சூடு மேலேறி மாடியைக் கதகதப்பாக வைத்திருக்கும்.

அந்த வீடும் நிலமும் உழுதவனுடையவை அல்ல. 'மெட்சாத்ரியா' என்ற அரைவார முறையில் விளைச்சலில் பாதி நிலக்கிழார் குடும்பத்துக்குப் போய்விடும். மிச்சப் பாதியில்தான் சாப்பாடு. அதனால் கோதுமை, ஆலிவ், மொச்சை, திராட்சை எல்லாமே ஒரே வயலில். கொடிக்குக் கம்பிப் பந்தல் கிடையாது, மேப்பிள் மரம்தான் கொழுகொம்பு. அதன் தழை மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, வரப்போரத்து வில்லோ மிலாறு கொடி கட்ட. காசு போட்டு வாங்கியது கொஞ்சம்தான்: கந்தகம், மயில்துத்தம். அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1878இல் பிரான்சில் தென்பட்டது. அதற்கு மருந்தாக வந்த, மயில்துத்தம் கலந்த போர்டோக் கலவை இங்கும் கொடிகளை நீலமாக்கியது.

1964இல் புதிய அரைவார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பே இளைஞர்கள் பிராட்டோ நகரத்து ஆலைகளுக்குக் கிளம்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் போன இடத்தில் டிராக்டர் வந்தது. மேப்பிள் மரங்கள் வேரோடு போயின, கல்லடுக்குப் படிவயல்கள் சமமாயின. வண்டி ஓட வசதியாக மேலிருந்து கீழாக வரிசை போட்டு, திராட்சை மட்டும் நட்டார்கள். களைக்கொல்லி அடித்த வெற்றுச் சரிவில் மழை பெய்தால் மேல்மண் பள்ளத்தில்தான் நிற்கும்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. கியாந்தியின் பான்சானோ ஊரைச் சுற்றிய தோட்டங்களில் பெரும்பகுதி இயற்கை முறைக்கு வந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் வரிசைகளுக்கு நடுவே பார்லியும் மொச்சையும் விதைத்து, வசந்தத்தில் மடக்கி உழுகிறார்கள். பெண் பூச்சியின் வாசனையைத் தோட்டம் முழுக்கப் பரப்பி, ஆண் அந்துப்பூச்சியைத் திசை தடுமாற வைக்கிறார்கள். அழியவிருந்த சிந்தா செனேசே பன்றி, பழைய கோதுமை ரகங்கள், தேன்பெட்டி என்று சில குடும்பப் பண்ணைகள் கலப்பு வேளாண்மையை மீட்டிருக்கின்றன. அன்று பசிக்கு, இன்று மண்ணுக்கும் விருந்தினர் மேசைக்கும்.

மயில்துத்தம் மட்டும் போகவில்லை. அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் உலோகம் என்பதால், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. மழை விடாத 2023 வசந்தத்தில் அடிச்சாம்பல் நோய் இத்தாலியின் விளைச்சலைச் சூறையாடியபோது, மழை கழுவக் கழுவத் திரும்பத் திரும்பச் செம்பு தெளிப்பதைத் தவிர ஆர்கானிக்காரர்களுக்குப் பெரிய மாற்று இல்லை.

அன்று பாதியைக் கொடுத்த குடும்பத்தின் இடத்தில் இன்று கொடி கவாத்துக்கும் அறுவடைக்கும் பருவக் கூலிகள், அவர்களில் பலர் வெளிநாட்டவர். 2012 முதல் புட்டியில் 'ஆர்கானிக் ஒயின்' என்று அச்சிட ஐரோப்பிய விதி இடம் தருகிறது. செம்புக்கும் சல்பைட்டுக்கும் அதில் அளவு உண்டு. கொத்துப் பறித்தவரின் கூலி பற்றி ஒரு வரியும் இல்லை.