மணலில் ஓர் அச்சுக்கலை

கொங்கு நாட்டில் கிணற்றுப் பம்பைப் பார்க்காதவர்கள் அரியர். அதைக் கழற்றினால் உள்ளே வார்ப்பிரும்பினாலான ஒரு சக்கரம் இருக்கும். இம்பெல்லர் என்பது அதன் பெயர். தண்ணீரை மேலே தள்ளுவது அதுதான். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் அதன் நீர்வழிகளை எந்த உளியால் குடைய முடியும்?

கோவைப் பவுண்டரிகளில் அதை வார்த்து எடுக்கிறார்கள். முதலில் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு 'பேட்டர்ன்' செய்து, அதை மணலில் பதித்துக் குழிவு உண்டாக்குவார்கள். நீர்வழிகள் அமைய வேண்டிய இடத்தில், மணலாலேயே செய்த 'கோர்' ஒன்றை வைப்பார்கள். உருகிய இரும்பை ஊற்றி, ஆறியபின் மணலை உதிர்த்துவிட்டால் இம்பெல்லர் கிடைத்துவிடும். ஆனால் புதிய வடிவம் ஒன்று தேவையென்றால், பேட்டர்னும் கோர் பெட்டியும் செய்யவே வாரக்கணக்கில் ஆகிவிடும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க வந்திருப்பதே 'அடுக்கு உற்பத்தி' என்னும் முறை. இயந்திரம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனத்திற்கு மணலைப் பரப்பும். கணிப்பொறியிலுள்ள வரைபடம் காட்டும் இடங்களில் மட்டும் பசையைத் தெளிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கு. பிறகு மீண்டும் பசை. இறுதியில் ஒட்டாத மணலை நீக்கினால் கோர் தயார். பேட்டர்னும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

மணலுக்குப் பதில் உலோகத் தூளைப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கி ஒட்டவைப்பதும் உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின் ஒன்று இவ்வாறு செய்யப்பட்டு, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. 14 உறுப்புகள் ஒரே உறுப்பாயின. 19 பற்றவைப்புகள் நீங்கின. 565 கிலோ மூலப்பொருள் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ உலோகத் தூளே போதுமானதாயிற்று!

அப்படியானால் பவுண்டரிகளுக்கு இனி வேலை இல்லையா? அப்படியன்று. ஒரே பேட்டர்னைக் கொண்டு ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். அத்தனைக்கும் கோர் அச்சிட்டால் செலவு கட்டுப்படியாகாது. முதல் மாதிரிக்கும், சிறு எண்ணிக்கைக்கும், சிக்கலான வடிவத்துக்குமே புதுமுறை ஏற்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உருகிய வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நீளத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 300 மில்லிமீட்டர் இம்பெல்லருக்கு அச்சு 303 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பேட்டர்ன் செய்பவர் இதற்கென்றே சற்று நீட்டிக் கோடிட்ட அளவுகோலை வைத்திருப்பார். எந்தப் பகுதி கடைசியில் உறையும், எங்கே உள்ளே குழி விழும் என்பதும் அவருக்கு அனுபவத்தில் அத்துப்படி. இயந்திரத்துக்கு இவை தாமாகத் தெரியா. நாம் சொல்லாவிட்டால், பிழையான வடிவத்தையே அது மிகத் துல்லியமாக அச்சிட்டுத் தரும்!

பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தோன்றியது, 1951இல் அதே வளாகத்தில் பொறியியல் கல்லூரி எழுந்தது. பாடமும் பட்டறையும் அடுத்தடுத்து இருந்ததால் இரண்டும் வளர்ந்தன. இன்று வரைபடம் போடும் மாணவரும், பேட்டர்ன் செய்து பழகிய முதியவரும் அதுபோல ஒரே மேசையில் அமர வேண்டும். அந்த அனுபவம் ஏட்டில் ஏறுமுன் அவர் ஓய்வு பெற்றுவிட்டால், இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அந்த அறிவை எங்கே வாங்குவது?

அடுத்த முறை தோட்டத்துப் பம்பைப் பழுது பார்க்கும்போது இம்பெல்லரைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதை வார்த்த அச்சு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டும் பாருங்கள்.