வீட்டிலிருந்தே ஊர்ச் சரித்திரம்

நம் ஊருக்குச் சரித்திரம் ஏது என்று கேட்போர் பலர். அன்னார் ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்பாராக! ஜெர்மன் பண்டிதர் ஹுல்ட்சு 1890-ல் முதற்றொகுதியை வெளியிட்டார். இன்று அவற்றுட் பலவற்றை வீட்டிலிருந்தபடியே இணையத்திற் படிக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் வரவழைத்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எவ்வூர்க் கோயிலினின்றும் வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் பங்கு, யாவும் அங்கே உள. திருவாரூரும் நாகப்பட்டினமும் அப்பட்டியலில் உண்டு. (பள்ளியில் நாம் உருப்போட்டதோ அரசர் பெயர்களை மட்டுமே!)

ஆனால், அச்சிலிருப்பது கல்லிலும் இருக்கிறதா? திருப்பணி என்ற பேரால் மணலைப் பீய்ச்சியும் சுண்ணாம்பு பூசியும் எழுத்தைச் சிதைத்த கோயில்கள் பல. எனவே நேயர்கள் தத்தம் ஊர்ச் சாசனத்தைத் தேடியெடுத்து, கோயிற் சுவரோடு ஒப்பிட்டு, அழிவு கண்டவிடத்துத் தொல்லியல் துறைக்குத் தாமதமின்றி எழுதுமாறு வேண்டுகிறோம்.