மலைத்தோட்டங்களில் உறைபனிப் பாதுகாப்பு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளியும்போது, மலையில் பயிரிடுவோர்க்குச் சற்று ஓய்வு எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால், கொடைக்கானல் மேல்மலை அங்கத்தினர்கள் மிகுந்த விழிப்புடன் இருக்கவேண்டிய காலம் அதுவே. மார்கழி, தை மாதங்களில் ஓர் இரவு விழும் உறைபனி, பல மாத உழைப்பையும் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனின் பயனையும் ஒருங்கே கருக்கிவிடக்கூடும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதனையொட்டிக் குளிரும் காற்று கனமானது. ஆதலால், நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களின் படிக்கட்டு வயல்களில் மேல்தட்டுப் பயிர் தப்பி, கீழ்த்தட்டுப் பயிர் கருகுவது இதனாலேயே.

ஆகவே, முதலில் கவனிக்கத்தக்கது இடத்தேர்வு. பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவை உறைபனியைத் தாங்கமாட்டா. இவற்றுக்கு மேற்சரிவே ஏற்றது. காரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றைத் தாழ்விடத்தில் வைக்கலாம். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நமது மலைப்பூண்டும் குளிரைத் தாங்கும். ஆயினும், அதற்கு நல்ல வடிகால் வேண்டும்.

அடுத்தது ஈரம். உலர்ந்த மண்ணைவிட நனைந்த மண் பகல் வெப்பத்தை மிகுதியாகச் சேமிக்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளில், பகலிலேயே நீர் பாய்ச்சிவிடுதல் நலம். சருகைக் கொளுத்திப் புகை மூட்டும் பழைய வழக்கத்தால் பயன் சொற்பம். காட்டுத்தீ அபாயமோ பெரிது.

வீட்டுத் தோட்டத்தில் நாற்றுகளை மாலையில் வைக்கோலாலோ பழைய சாக்காலோ மூடி, வெயில் ஏறியதும் அகற்றுக. தொட்டிச் செடிகளைச் சுவரோரம் நகர்த்துக. பனியில் கருகிய ரோஜாக் கிளைகளை உடனே கவாத்துச் செய்யலாகாது. புதுத் தளிர் விரைவில் தோன்றி அடுத்த பனிக்கு இரையாகும்.

இறுதியாக ஒன்று. தோட்டத்தின் கீழெல்லையில் அடர்ந்த வேலி இருப்பின், குளிர்காற்று வெளியேற வழியின்றித் தேங்கும். ஆங்காங்கே இடைவெளி விடவேண்டும். ஆனால், ஒருவர் திறந்துவிடும் காற்று அடுத்தவர் பயிர்மீதன்றோ இறங்கும்? ஆதலால், ஒரே சரிவில் பயிரிடும் அங்கத்தினர்கள் கூடிப் பேசி, அக்காற்று ஓடையில் சென்று கழியும் வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். பயிர்க்காப்பீட்டில் சேரும் கடைசித் தேதியையும் சங்கத்தில் இப்போதே விசாரித்து அறிவது அவசியம். பனி விழுந்தபின் பிரீமியம் செலுத்த இயலாது.