இறுகிப்போன கொளுக்கி: பெட்டியைக் கழற்றுவது எப்படி?

மாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவிலே கடலோடு சேருகின்றது. அந்தக் குடாவின் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக அமைந்திருக்கின்றது கிண்ணியா. இங்கே உழவு இயந்திரம் என்பது உழுவதற்கு மட்டும் உரிய பொருள் அன்று. பெரும்போகத்தில் வயலை உழுகின்ற அதே இயந்திரம்தான் பெட்டியைப் பூட்டியதும் நெல் ஏற்றுகின்றது. வைக்கோல், விறகு, கல், ஆற்று மணல் ஏற்றுகின்றது. வருடம் முழுவதும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவது அந்த ஒரு இயந்திரத்தினாலேதான்.

இந்த இரண்டு தொழில்களுக்கும் நடுவிலே இருப்பது ஒரு சாண் நீளமுள்ள இரும்பாணி. சாரதிமார் அதைப் 'பின்' என்பார்கள். இயந்திரத்தின் பின்புறக் கொளுக்கியையும் பெட்டியின் முன்சட்டத்து வளையத்தையும் அதுவே இணைக்கின்றது. அதைக் கழற்றினால் பெட்டி வேறு, இயந்திரம் வேறு. அப்போதுதான் கலப்பை பூட்டலாம்.

கோடை முழுவதும் மணலும் கல்லும் ஏற்றிய பெட்டியின் ஆணியை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஒக்டோபரில் வாடை தொடங்கி முதல் மழை விழுந்ததும் வயலுக்குப் போகவேண்டும். ஆணி அசைய மறுக்கின்றது. அடித்தால் தலை நசுங்குகின்றது. ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்குத் திகதி குறித்தாயிற்று. பக்கத்து வயல்கள் உழுதாயிற்று. நமது இயந்திரம் மட்டும் பெட்டியோடு முற்றத்தில் நிற்கின்றது. இரண்டு நாள் போனால் கூலிக்கு வேறு இயந்திரம் பிடிக்கவேண்டும். ஆத்திரத்தில் தவறாக அடித்தால் கையோ கண்ணோ போகவும் கூடும். எனவே இந்தச் சிறிய ஆணியைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது.

ஏன் இறுகுகின்றது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது கறள் உண்டாகின்றது. கறள் தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரைக்கும் பருக்கும். ஆணிக்கும் துளைக்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியை அது நிரப்பி, ஆப்பு அடித்ததுபோல இறுக்கிவிடுகின்றது.

உப்பு இதனை விரைவுபடுத்துகின்றது. உப்பு கலந்த நீர் மின்னை இலகுவாகக் கடத்துவதால் கறள் பிடிக்கும் வேலை வேகமாக நடக்கின்றது. அத்துடன் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் கடற்காற்றுப் பட்ட இரும்பு முற்றாகக் காய்வதில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறிக் கடல் கடந்த வாகனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாலம் வந்துவிட்டது, கடற்காற்று மாறவில்லை. ஈர மணலும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை: மணல் துளைக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது.

முதலில் பாரத்தை இறக்குங்கள்

ஆணி வரவில்லை என்றால் உடனே சுத்தியலைத் தேடவேண்டாம். பல வேளைகளில் ஆணியைப் பிடித்து வைத்திருப்பது கறள் மட்டும் அன்று, பெட்டியின் பாரமுந்தான்.

பெட்டியிலுள்ள சுமையை முற்றாக இறக்குங்கள். இரண்டு சில்லுப் பெட்டியில் இது மிக முக்கியம். சுமை பின்பக்கம் கூடியிருந்தால் ஆணி கழன்ற கணமே முன்சட்டம் மேலே எகிறும். முன்பக்கம் கூடியிருந்தால் காலின்மேல் விழும். சமதரையில் நிறுத்தி, பெட்டிச் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். முன்சட்டத்தின் கீழே ஜக் அல்லது உறுதியான மரக்குற்றியைக் கொடுத்து, ஆணியின்மேல் பாரம் விழாதபடி சட்டத்தை மெல்ல உயர்த்துங்கள். பின்னர் இயந்திரத்தை ஒரு விரல் அளவு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அப்படி அசைக்கும்போது இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் ஒருவரும் நிற்கக்கூடாது. ஒரு விரல் அளவு என்று நினைத்தது ஒரு முழமாகிவிட்டால் நடுவில் நிற்பவர் நசுங்கிப்போவார்.

துடைத்தல், ஊறவைத்தல்

இனிக் கம்பித் தூரிகையால் ஆணியின் மேலும் கீழும் உள்ள கறளையும் பழைய கிறீஸையும் மணலையும் சுரண்டி எடுங்கள். அழுக்கின் மேலே எண்ணெய் ஊற்றினால் அது உள்ளே போகாது.

துளைக்குள் ஊடுருவும் எண்ணெய் மெல்லியதாக இருக்கவேண்டும். கெட்டியான கிறீஸ் இந்த வேலைக்கு உதவாது. கடைகளில் இதற்கென்றே தகரங்களில் விற்பார்கள். அவற்றுள் உலகெங்கும் அறியப்பட்ட டபிள்யூ.டி.-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஏவுகணைகளின் இரும்பைக் கறளிலிருந்து காப்பதற்காக உருவாக்கப்பட்டது. ஈரத்தை விலக்கும் கலவையைத் தேடியவர்கள் நாற்பதாவது முயற்சியிலேதான் வெற்றி கண்டார்கள். பெயரிலுள்ள 40 அதனைக் குறிப்பதே. அது கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெயுடன் சிறிதளவு இயந்திர ஒயில் கலந்தும் ஊற்றலாம், டீசலும் உதவும். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்.

மாலையில் ஒரு முறை ஊற்றுங்கள். இரவு படுக்குமுன் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை ஊற்றுங்கள். முடியுமானால் கீழ்ப்பக்கத்திலிருந்தும் துணியில் நனைத்துக் கட்டிவிடுங்கள். ஒரு இரவு காத்திருப்பது நட்டமாகத் தோன்றும். கொளுக்கி உடைந்து ஒரு கிழமை காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு நட்டமே அல்ல. பதறாத காரியம் சிதறாது.

தட்டுதல்

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல இருக்கின்றது. ஒரே பெரிய அடியைவிடப் பல சிறிய அடிகள் நல்லவை. ஒவ்வொரு தட்டும் இரும்பை அதிரச்செய்து கறளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்; அந்த வெடிப்பு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கும். ஆணியின் தலையை மட்டும் அடிக்காமல், அதைச் சுற்றியுள்ள கொளுக்கியின் பக்கங்களையும் தட்டுங்கள். பின்னர் ஆணியைக் கீழிருந்து மேலே தட்டுங்கள். அசைந்தால் உடனே இழுத்து எடுக்க முனையாதீர்கள். திரும்பவும் கீழே தட்டி, எண்ணெய் விட்டு, மீண்டும் மேலே தட்டுங்கள். இப்படி மேலும் கீழுமாக அது வழி திறந்துகொள்ளும்.

ஆணியை நேரே சுத்தியலால் அடித்தால் முனை காளான்போல விரிந்து துளையில் இன்னும் இறுகும். இடையில் பித்தளைத் துண்டு ஒன்றையோ மென்மையான இரும்புத் துண்டையோ வைத்து அடியுங்கள். கடினமான உருக்கைக் கடினமான உருக்கால் அடித்தால் சில்லுத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். கை உழவு இயந்திரங்களின் கொளுக்கி வார்ப்பிரும்பாக இருக்கலாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனைச் சம்மட்டியால் அடிக்கக்கூடாது.

லொறிகளிலும் பிக்கப் வாகனங்களிலும் கொளுக்கி போல்ட்டுகளால் செசியில் பூட்டப்பட்டிருக்கும். அங்கேயும் இதே முறைதான். நட்டைக் கழற்றும் பக்கம் திருப்புமுன் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். கறளின் பிடி அப்படியும் விடும். பின்னர் கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டுத் தொடருங்கள். ஸ்பானரின் முனையில் குழாய் செருகி நீட்டினால் பலம் பெருகும். போல்ட் முறியும் ஆபத்தும் அதே அளவு பெருகும்.

சூடு

இவை பலிக்காவிட்டால் கராஜ் பாஸ்மார் சூட்டைப் பயன்படுத்துவார்கள். சூடேறினால் இரும்பு விரியும். சூடாக்கவேண்டியது ஆணியை அல்ல, அதைச் சுற்றியுள்ள வளையத்தை. 25 மில்லிமீற்றர் துளையுள்ள வளையத்தை 300 பாகை செல்சியஸ் கூடச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.09 மில்லிமீற்றர் விரியும். அது ஒரு கடதாசியின் தடிப்பளவே. ஆயினும் கறளின் பிடியை உடைக்க அது போதும். சூடான இணைப்பில் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகி இடுக்கினுள் இறங்கி வழுக்கலை உண்டாக்கும்.

ஆனால் சூட்டில் ஆபத்து அதிகம். முன்பு ஊற்றிய மண்ணெண்ணெயை முற்றாகத் துடைத்துக் காயவிடாமல் தீயை நெருக்கக்கூடாது. எரிபொருள் தாங்கி, ஹைட்ரோலிக் குழாய், டயர் ஆகியவற்றின் பக்கம் சுவாலை போகக்கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த இரும்புக் குழாயைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் அதனை வெடிக்கச் செய்யலாம். நாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வார்ப்பிரும்பைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஒட்டுவேலை தெரிந்தவரிடமே இதனை ஒப்படைப்பது நலம்.

கடைசி வழி வெட்டுவது. ஆணியின் விலை கொளுக்கியின் விலையில் ஒரு சிறு பங்குதான். எனவே ஆணியை வெட்டிக் கொளுக்கியைக் காப்பாற்றுங்கள்; ஆணியைக் காக்கக் கொளுக்கியை உடைக்காதீர்கள். பெட்டியை மரத்தில் சங்கிலியால் கட்டி இயந்திரத்தால் இழுத்துப் பிரிக்க முயல்வதும் வேண்டாம். சங்கிலி அறுந்தால் அது யார்மேல் விழும் என்று சொல்லமுடியாது.

அந்த ஆணியைத் திரும்பப் போடலாமா?

வந்த ஆணியைத் துடைத்துப் பாருங்கள். நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அதனைத் திரும்பப் போடவேண்டாம். 25 மில்லிமீற்றர் ஆணி தேய்ந்து 20 மில்லிமீற்றர் ஆகியிருந்தால் குறைந்தது ஐந்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆணியின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கின்றது. அந்தப் பரப்பில் மிஞ்சியது 64 வீதம் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

புதிய ஆணி இல்லை என்று கொங்கிறீட் கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ செருகுபவர்கள் உண்டு. அந்தப் பெட்டியின் பின்னால் சைக்கிளில் வருபவரும், மாலையில் அதே பெட்டியில் ஏறி வீடு திரும்பும் கூலியாட்களும் அதனை அறியமாட்டார்கள். மேட்டில் ஏறும்போது ஆணி முறிந்தால் பெட்டி தானாகவே பின்னோக்கி ஓடும். எனவே அளவுக்கேற்ற உருக்கு ஆணியையே போடுங்கள். அதன் கீழ்முனையில் கிளிப் தவறாமல் இருக்கட்டும். அதற்கும் மேலாக, இயந்திரத்தையும் பெட்டியையும் தனியாக இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி ஒன்றும் இருக்கட்டும்.

வராமல் காப்பது

இத்தனை பாடும் கிழமைக்கு ஐந்து நிமிடம் செலவழிக்காததால் வருவது. கிழமைக்கு ஒரு நாள் பெட்டியை இறக்கி, ஆணியை உருவி எடுங்கள். பழைய கிறீஸைத் துணியால் வழித்தெடுத்த பின்னரே புதிய கிறீஸைப் பூசுங்கள். மணல் கலந்த பழைய கிறீஸ் அரத்தாள்போல ஆணியைத் தேய்க்கும். கடற்கரையில் வேலை செய்த நாளில் கொளுக்கியையும் சட்டத்தையும் நன்னீரால் கழுவிக் காயவிட்டுப் பூசுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஊருக்குள் வந்ததுபோல இயந்திரம் கடல்நீரில் மூழ்க நேர்ந்தால், முதல் வேலை நன்னீரால் கழுவுவதே. உப்பு காய்ந்த பின்னர் செய்வது பாதிப் பலனே தரும். நெடுநாள் ஓடாமல் நிற்கும் இயந்திரத்தின் ஆணியைக் கழற்றி, எண்ணெய் பூசி, வீட்டினுள் வையுங்கள்.

வாடை தொடங்குமுன் செப்ரெம்பரிலேயே ஒரு நாள் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் ஊறவைக்க அப்போது நாள் இருக்கும். மழை வந்த பின்னர் இருப்பது அவசரம் மட்டுமே. ஊரில் நான்கு ஐந்து இயந்திரக்காரர் சேர்ந்து ஒரே நாளில் இதைச் செய்தால், ஒருவருடைய ஜக்கும் இன்னொருவருடைய அனுபவமும் எல்லாருக்கும் பயன்படும்.