24,500 டாலர் ரத்தம்!

கேட்டரிங்காரரிடம் விசேஷத்துக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் மெனு கேட்பார்கள், ரேட் கேட்பார்கள், அட்வான்ஸில் பேரம் பேசுவார்கள். அமெரிக்காவின் மயாமி நகரத்து அம்மாள் ஒருத்தி கேட்க மறந்தது ஒன்றே ஒன்றுதான்: 'கறி எங்கேயிருந்து வருது?'

மகளின் விருந்துக்கு எகிப்திய சாப்பாடு போடுவதாக ஒப்புக்கொண்ட ஃபுவாத் ராம்சேஸ் என்ற ஆசாமி, ஊரிலுள்ள இளம்பெண்களைக் கொன்று ஆளுக்கு ஒரு உறுப்பாகச் சேகரித்துக் கொண்டிருக்கிறான். எல்லாம் இஷ்தார் தேவிக்குப் படையல்! (இஷ்தார் எகிப்து தேவியே இல்லை, மெசபடோமியாக்காரி. படம் எடுத்தவர்களுக்கு அதெல்லாம் கவலையில்லை.) பின்னாலேயே துப்பறிய போலீஸ். 1963-ல் வந்த 'ப்ளட் ஃபீஸ்ட்' படத்தின் கதை இவ்வளவுதான். 67 நிமிஷம்.

கத்தியும் ரத்தமுமாக வந்த படங்களுக்கெல்லாம் தாத்தா என்று இதைச் சொல்கிறார்கள். பி.காம். படித்த எனக்கு ரத்தத்தைவிடக் கணக்கில்தான் ருசி. செலவு 24,500 டாலர். மூன்று வருஷம் முன்னால் ஹிட்ச்காக் சிக்கனமாக எடுத்த 'சைக்கோ'வுக்கே எட்டு லட்சம் டாலர் ஆனது. அந்தப் பணத்தில் இந்த மாதிரி முப்பது படம் எடுத்திருக்கலாம்!

எடுத்தவர் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ். ஒரு காலத்தில் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் நடத்தியவர், அப்புறம் விளம்பரத் தொழில். இதில் டைரக்‌ஷன், காமிரா, மியூசிக் மூன்றும் அவரே. (மூன்று சம்பளம் மிச்சம்.) தயாரிப்பாளர் டேவிட் ப்ரீட்மன். இருவரும் அதுவரை அரைகுறை ஆடைப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர்கள். அந்த மார்க்கெட்டில் கூட்டம் அதிகமாகிவிட்டது. 'பெரிய கம்பெனிக்காரன் தொடவே மாட்டான், அப்படி என்ன சரக்கு இருக்கு?' என்று யோசித்தார்கள். கிடைத்த விடை: ரத்தம். அதுவும் கலரில்!

ஏற்கெனவே கடையில் கிடைத்த சினிமா ரத்தம், கறுப்பு-வெள்ளைப் படத்துக்கென்று செய்தது. கலரில் ஊதாவாகத் தெரிந்தது. அதனால் ஒரு அழகுசாதன லேபில் சொல்லித் தனியாகச் செய்து வாங்கினார்கள். பிடுங்கி எடுக்கிற நாக்கு, ஆட்டு நாக்கு. தங்கியிருந்த சூயஸ் மோட்டல் வாசலில் சிமென்ட் ஸ்ஃபிங்க்ஸ் சிலை நின்றது. டைட்டிலுக்கு ஓசியில் எகிப்து! ஷூட்டிங் பத்து நாள்கூட இல்லை.

துப்பறியும் லட்சணத்தைக் கேளுங்கள். டிடெக்டிவ் பீட், காதலியோடு போய் இஷ்தார் வழிபாடு பற்றி லெக்சரே கேட்டுவிட்டு வருகிறார். அந்தக் காதலிதான் விருந்துக்குரிய பெண். விருந்து போடுகிறவன் எகிப்திய சமையல்காரன். ஆனாலும் நம்மவருக்குப் பொறி தட்ட வெகுநேரம் ஆகிறது. (பீட்டாக நடித்தவரும் அந்தக் காதலியும் பிற்பாடு நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். படத்திலேயே உருப்படியான துப்பு அதுதான்.) கடைசியில் குப்பை லாரியில் நசுங்கிச் சாகிறான் வில்லன். விருந்தாளிகள் இனி ஹாம்பர்கர்தான் சாப்பிட வேண்டும் என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்கிறாள்!

நடிப்பு மரக்கட்டை. வசனம் அதைவிட மோசம். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், சரி. ஆனால் கொலையாகிற பெண்களுக்குக் கதையில் வேறு வேலையே கிடையாது. வந்து, சாக வேண்டியதுதான். லூயிஸ் கண்டுபிடித்த மலிவான கச்சாப்பொருள் ஆட்டு நாக்கு இல்லை சார், அந்தப் பெண்கள்தான். பின்னால் வந்தவர்கள் நல்ல காமிராவும் நல்ல நடிகர்களும் போட்டார்கள். அந்தச் சரக்கை மட்டும் மாற்றவே இல்லை. எனக்கு இந்தப் படத்தோடு தீராத சண்டை அதில்தான்.

வியாபாரத்தில் ப்ரீட்மன் கில்லாடி. தியேட்டரில் வாந்தி எடுக்கப் பை கொடுத்தார். ஃபுளோரிடாவில் சொந்தப் படத்துக்குத் தானே கோர்ட்டில் தடை வாங்கினேன், பப்ளிசிட்டிக்காக, என்று பின்னாளில் பெருமையாகச் சொல்லிக் கொண்டார். பிரிட்டனில் வீடியோ காலத்தில் நிஜமாகவே போலீஸ் கேஸில் சிக்கியது படம். செலவு செய்யாமல் வந்த விளம்பரம்!

லூயிஸ் 1970-களில் சினிமாவை விட்டுவிட்டு, தபாலில் விளம்பரக் கடிதம் எழுதி சரக்கு விற்பது எப்படி என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்தத் தொழிலில் அவர் குரு ஸ்தானம். 2002-ல் மனசு கேட்காமல் திரும்பி வந்து 'ப்ளட் ஃபீஸ்ட்' இரண்டாம் பாகமும் எடுத்தார். 2016-ல் காலமானார். அவருடைய முதல் பாகத்தைப் பற்றி அவரே சொன்ன விமர்சனம் இது: படம் நன்றாக இல்லை; ஆனால் அந்த ரகத்தில் அதுதான் முதல்.