கல் வீட்டில் கம்பியில்லா இணைப்பு

நார்த்தாமலை என்றதும் மேலமலையின் விஜயாலய சோழீஸ்வரமும் சுற்றிலுமுள்ள கருங்கற்குன்றுகளும் நினைவுக்கு வரும். அப்பக்கம் கல்லால் எழுப்பிய பழைய வீடொன்றில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். இஷாத் தொழுகை முடிந்த நேரம். மலேசியாவிலிருந்து பிள்ளைகளின் அத்தா கணினித் திரையில் பேச வருகிறார். முகம் உறைந்து நிற்கிறது. குரல் அறுந்து போகிறது. வாரம் ஒருமுறை கிடைக்கும் அரை மணி நேரமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே கழிகிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுமுன் சற்றுப் பொறுங்கள்.

குற்றவாளி யார் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ரூட்டரிலிருந்து ஒரு கேபிளைக் கணினியில் நேரே செருகுங்கள். அப்போதும் இணையம் வராமல், கண்ணாடியிழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பழுது வெளியே வரும் இழையில் இருக்கலாம். இணைப்புத் தந்தவரைத்தான் அழைக்க வேண்டும். கேபிளில் சீராக வந்து, வைஃபையில் மட்டும் தடுமாறினால் சுவர்களைச் சந்தேகியுங்கள்.

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் செல்கின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடப்பதில் பலவீனமானது. செங்கற்சுவரை ஓரளவு கடந்துவிடும் அலை, தடித்த கருங்கற்சுவரிலும் கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் பெரிதும் தேய்ந்துபோகும். இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் அவ்வாறே. நம் வீடுகளிலோ, பார்வைக்கு அழகில்லை என்று ரூட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம். துணி போர்த்துவோரும் உண்டு. பாவம், பெட்டி வெந்துபோகும்! நடுக்கூடத்தில், ஆள் உயரத்தில், திறந்தவெளியில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குவதால், அதனருகே வேண்டாம். தொலைவிலுள்ள அறைக்கு 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள், அண்டை வீட்டு அலைகள் மோதினால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசலற்ற ஒன்றுக்கு மாற்றுங்கள்.

சுவர்களில் எதிரொலித்து முன்னும் பின்னுமாக வந்து சேரும் அலைகளின் குழப்பத்தைத் தீர்க்க, 1990-களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் வழி கண்டவர்களுள் ஜான் ஓ'சல்லிவன் ஒருவர். அவர் வானொலி வானியல் ஆய்வாளர் என்பது வியப்புக்குரியது.

கைப்பேசியில் வைஃபை நன்றாக வந்து, கணினியில் மட்டும் வரவில்லையா? சேமித்த இணைப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மீண்டும் கொடுங்கள். கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று பொருள். இரண்டையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து ரூட்டரை முதலில் போடுங்கள்.

இணைப்பு இருப்பதாகக் காட்டியும் பக்கங்கள் திறக்க மறுத்தால், திரை மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியின் உள்ளிருக்கும் சி.ஆர்.2032 என்னும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கணினி முரண்டு பிடிக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்துங்கள். ரூட்டரைத் தொடவே வேண்டியிராது.