தீவு விட்டுப் போகாத இருவாச்சி

தில்லி லோதி தோட்டத்துப் பழைய மரங்களில் சாம்பல் இருவாச்சியைப் பார்க்கலாம். அதன் உறவு ஒன்று, உலகில் வேறெங்கும் இல்லாமல், அந்தமான் கடலில் ஒரே தீவில் வாழ்கிறது. அந்தத் தீவு நார்கொண்டம். பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். கடலுக்கு மேல் 710 மீட்டர் உயர்ந்து, காடு போர்த்து நிற்கும் உறங்கும் எரிமலை அது.

நார்கொண்டம் இருவாச்சியை 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கருப்பு. வால் இரண்டுக்கும் வெள்ளை.

முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் நுழைந்து, எச்சமும் பழச்சக்கையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிஞ்சும். அதன் வழியாக ஆண் பழம் ஊட்டுகிறது. இந்த நாட்களில் ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் கூட்டிலுள்ள குடும்பமே ஆபத்தில் சிக்கும். ஆகவே இருவாச்சிக்குப் பெரிய பொந்துள்ள முதிய மரமும், ஆண்டு முழுக்கப் பழுக்கும் அத்தி இன மரங்களும் வேண்டும். நார்கொண்டத்தில் இரண்டும் நிறைய உண்டு. தின்ற பழத்தின் விதைகளைப் பறவை காடெங்கும் தூவுகிறது. மரம் பறவையையும், பறவை மரத்தையும் வளர்க்கின்றன. 2019-20இல் அங்கே தங்கி ஆய்ந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். ஆறுதலான எண்தான். ஆனால் ஒரு பெரும்புயலோ புதிதாகக் கொண்டுவரப்படும் விலங்கோ போதும், அது சரிய. புகலிடமாக இரண்டாவது தீவு இல்லை.

இருவாச்சியின் விதி பலமுறை தில்லியில்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. நார்கொண்டத்தில் கடலோரக் காவல்படை ரேடார் அமைக்கக் கேட்டபோது, 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் இந்தப் பறவையை முன்னிட்டு மறுத்தார். 2014இல் வந்த அரசு இசைந்தது. நாட்டின் பாதுகாப்பு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு சிறிய காட்டில் ரேடாருக்கான சாலைக்கென்று வெட்டும் ஒவ்வொரு முதிய மரமும் ஒரு கூட்டின் இழப்பு என்பதே என் கருத்து.

காப்பிலுள்ள எல்லா எரிமலைத் தீவுகளும் பயணிகளுக்கு மூடப்பட்டவை அல்ல: மத்தியதரைக்கடலில் இத்தாலியின் பான்தெல்லேரியா எரிமலைத் தீவு 2016இல் தேசியப் பூங்காவாயிற்று, பயணிகள் போய்வருகிறார்கள். ஆனால் சரணாலயமான நார்கொண்டத்தில் அனுமதியின்றி யாரும் இறங்க முடியாது. அதுவே சரி. இருவாச்சியைக் காண ஆசைப்படும் தில்லிவாசிகளே, கோடையில் லோதி தோட்டத்துக்குப் போங்கள். உங்கள் தெருவில் பொந்துள்ள முதிய மரத்தை வெட்ட வந்தால், வேண்டாமென்று மனுக் கொடுங்கள்.